அடுப்பு மூட்டாத முதல் நாள்

ஜூராகான் தெருவில் ஓடினால் எங்கள் அக்-தாலாவில் யாரும் பதறுவதில்லை. நாற்பத்தெட்டு வயது, கனத்த உடம்பு, இரண்டு முழங்காலிலும் வலி. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள் என்றால் நல்ல சேதி என்று அர்த்தம். கெட்ட சேதிக்கு அவள் நடந்துதான் வருவாள்.

அந்த மே மாதக் காலையில் அவள் ஓடிய வேகத்தில் தலைத்துணி அவிழ்ந்து தோளில் கிடந்தது. "சூயுஞ்சு, சூயுஞ்சு" என்று கத்திக்கொண்டே பின்தெருவில் சோனுன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அந்தச் சொல்லைக் கேட்டால், நல்ல சேதி கொண்டுவருகிறவருக்குப் பரிசு தந்தாக வேண்டும். பரிசு என்னவென்று முடிவாகிற வரை சேதி வாயைவிட்டு வராது.

"மூச்சு விடு எஜே," என்றாள் சோனுன். வயதில் பத்து வருடம் இளையவள், எஜே, அதாவது அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். "தர்றேன், தர்றேன். என்னன்னு சொல்லித் தொலை."

"அதெல்லாம் நடக்காது. முதல்ல கையில குடு."

சோனுன் முற்றத்தில் மேய்ந்த ஒரு கோழியை எட்டிப் பிடித்தாள். "இந்தா. முட்டை போடாது, கொத்த மட்டும் செய்யும். உனக்கு ஏத்த ஜோடி."

கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்ட பிறகுதான் ஜூராகான் வாய் திறந்தாள். "ரோடு வருதுடி. நாலு வண்டி பக்கத்துப் பக்கத்துல போற ரோடு. கால்வாய்ப் பாலத்தையும் இடிச்சுப் பெருசா கட்டுறாங்க. கையெழுத்து ஆயிடுச்சு, என் கண்ணால காகிதத்தைப் பார்த்தேன்."

சோனுன் சிரிக்கவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன் அவள் புருஷனுக்கு நெஞ்சுவலி வந்தபோது, கூப்பிட்ட ஆம்புலன்ஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மணி நாற்பது நிமிஷம் நெரிசலில் நின்றது. அதன் சத்தம் இங்கே வீட்டுக்குள் கேட்டது. வண்டிதான் வரவில்லை. ஜூராகான் கோழியைக் கீழே விடாமலே அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள், கோழி இருவரையும் கொத்தியது.

மதியத்துக்குள் அவளிடம் ஒரு கோழி, இரண்டு தலைத்துணி, ஒரு பை கட்டிச் சர்க்கரை, யாரோ அவசரத்தில் கழற்றிக் கொடுத்த ஒற்றைக் கையுறை எல்லாம் சேர்ந்துவிட்டன. தகும். அந்த ரோட்டுக்காக அவள் பட்ட பாடு கொஞ்சமா?

அக்-தாலா என்பது தலைநகரம் பிஷ்கெக்குக்கு வடக்கே ஒரு பீட்ரூட் வயல். வயலாகத்தான் இருந்தது. பதினேழு வருடத்துக்கு முன், மனை மனையாகக் கயிறு கட்டிப் பிரித்த சமயத்தில், ஒன்பதாவது வீடாக ஜூராகானும் அவள் புருஷன் ஜெக்ஷெனும் குடிவந்தார்கள். மார்ச் மாதம், முழங்கால் சேறு. புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் முதல் நாள் ஒருலுக் என்கிற விருந்து போடுவது எங்கள் வழக்கம். வந்தவர்கள் அன்றைக்குத் தங்கள் அடுப்பை மூட்டக் கூடாது, முன்னால் வந்தவர்கள் வீட்டுச் சோறுதான் சாப்பிட வேண்டும். அன்றைக்கு அந்த எட்டு வீட்டுக்காரர்களும் எட்டு மாவட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் போடுவார் என்று இவர், இவர் போடுவார் என்று அவர். கடைசியில் ஒருத்தரும் போடவில்லை.

ஜூராகான் அன்று மாலை வரை அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். பிறகு பாக்கெட் நூடுல்ஸை வேகவைக்காமல் உடைத்து இருவரும் மென்று தின்றார்கள். "இந்த மண்ணுல இனிமே ஒருத்தரும் இப்படிக் குடிவரக் கூடாது," என்று சொல்லித் தலையணையில் மூஞ்சியைப் புதைத்துக்கொண்டாள்.

சொன்னபடி செய்தாள். பத்தாவது வீட்டுக்கு ஆட்டுக்கறியும் மாவுப் பட்டையுமாகப் பெஷ்பர்மாக், பதினோராவது வீட்டுக்குப் பெஷ்பர்மாக். நூறு வீடு ஆனபோது கறி கட்டுப்படியாகவில்லை, சூப்பும் எண்ணெயில் பொரித்த போர்சோக்கும் ஆனது. ஐந்நூறு ஆனபோது தெருவுக்கு ஒருத்தியைப் பிடித்துப் பழக்கிவிட்டாள். ஆனாலும் எந்தத் தெருவில் சாமான் வண்டி நின்றாலும் ரொட்டியோடு முதலில் போய் நிற்கிறவள் அவள்தான்.

"நீ சோறு போட்டுச் சோறு போட்டுத்தான் ஊரே இங்க வந்து குவியுது," என்பார் ஜெக்ஷென். இரும்புக் கேட் பற்றவைக்கிற தொழில். அக்-தாலாவில் பாதி கேட் அவர் செய்தது.

"கேட் விக்கும்போது இந்தப் பேச்சு வரல?" என்பாள் இவள்.

வீடு மூவாயிரத்தைத் தாண்டியது. ரோடு மட்டும் பீட்ரூட் லாரி போன அதே ஒற்றை ரோடு. நகரத்துக்குப் பதினோரு கிலோமீட்டர். அவர்கள் மகள் அய்ஜார்கின் பேக்கரி வேலைக்கு ஆறு மணிக்குக் கிளம்பினால் எட்டரைக்குப் போய்ச் சேருவாள். மினிபஸ்ஸில் நின்றுகொண்டே தூங்கப் பழகியிருந்தாள். நகரத்திலேயே தங்கி, குழந்தைகளை வெள்ளிக்கிழமை விட்டு வெள்ளிக்கிழமை பார்க்கிற அப்பன்மார் தெருவுக்கு நாலு பேர். சோனுன் புருஷன் செத்த பிறகு ஜூராகான் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினாள். ரோட்டுக்கு மனு. அவள் கைச்சோறு தின்னாத வீடு உண்டா? யாராலும் மறுக்க முடியவில்லை. இரண்டாயிரத்து நூற்று நாற்பது கையெழுத்து. அந்த மனுவுக்குத்தான் இப்போது பலன் வந்திருந்தது.

அடுத்த வாரமே இன்னொரு சந்தோஷம். அவள் வீட்டை ஒட்டின காலி மனையில் ஒரு மூடின வண்டி வந்து நின்றது. அந்த மனைக்காரன் எட்டு வருடமாக மாஸ்கோவில் கூலிவேலை. எப்போது வருவான் என்று தெருவே கேட்டுக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து ஒரு இளைஞனும் ஒரு பெண்ணும் இன்னும் இரண்டு பேரும் இறங்கினார்கள். நீளநீளப் பெட்டி, மடக்குக் கட்டில், கெட்டில் எல்லாம் இறங்கின. ஜூராகான் சன்னலில் பார்த்தாள். அவ்வளவுதான், அடுப்பில் கொப்பரை ஏறிவிட்டது.

"யாருன்னு கேட்டுக்கிட்டியா?" என்றார் ஜெக்ஷென்.

"மாஸ்கோக்காரன் வந்துட்டான். பொண்டாட்டியோட வந்திருக்கான். இதுல கேட்க என்ன இருக்கு? போய் ஆட்டுக்கறி வாங்கிட்டு வா. தலையும் வேணும்."

மூன்று மணி நேரம் கழித்து அவள் வேலியைத் தாண்டிப் போய் நாலு பேரையும் கையைப் பிடித்து இழுத்துவந்தாள். அந்த இளைஞன் பெயர் மெதெர். "எஜே, நாங்க வந்தது..." என்று ஆரம்பித்தான்.

"வந்த காரியமெல்லாம் சாப்பிட்டப்புறம். நீ என்ன வானத்துலேருந்து குதிச்சியா? உங்கம்மா சொல்லித் தரலையா?"

சொல்லித் தந்திருந்தாள், அதுதான் வம்பு. டீ முடிகிற வரை விருந்தாளி காரியம் பேசக் கூடாது, நீட்டின ரொட்டியைத் தள்ளக் கூடாது. மெதெர் இரண்டு தடவை வாயைத் திறந்தான். முதல் தடவை போர்சோக் வந்து அடைத்தது, இரண்டாம் தடவை பெரிய விருந்தாளிக்கு வைக்கிற ஆட்டுத்தலையே அவன் முன்னால் வந்தது. கூட வந்த பெண் தலையைக் குனிந்துகொண்டே சாப்பிட்டாள். ஜூராகானுக்கு அவள்மேல் ஒரே பிரியம். "வெட்கத்தைப் பாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு மருமகளா?"

சாப்பாடு முடிந்தது. இனி விருந்தாளி கைகளை ஏந்தி வீட்டை வாழ்த்த வேண்டும். மெதெர் கைகளை ஏந்தினான். எல்லாரும் ஏந்தினார்கள். "இந்த வீட்டு அடுப்பு..." என்று தொடங்கியவன் நின்றுவிட்டான்.

"சொல்லுப்பா, கூச்சப்படாதே. 'இந்த வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும்'," என்று ஜூராகான் எடுத்துக் கொடுத்தாள்.

அவன் நெற்றியில் வேர்வை வழிந்தது. "இந்த எஜேயோட அடுப்பு," என்றான், "எங்க இருந்தாலும் அணையாம இருக்கட்டும்."

"ஓமின்" என்று எல்லாரும் முகத்தைத் தடவிக்கொண்டார்கள். ஜூராகான் மட்டும் ஏந்தின கையை எடுக்கவில்லை. "எங்க இருந்தாலுமா? இது எங்கப்பா போகப்போகுது?"

மெதெர் எழுந்து வெளியே போய்ப் பெட்டியைத் திறந்து காட்டினான். உள்ளே அளவுக் கருவி, அதை நிறுத்துகிற மூன்று கால் தாங்கி, சிவப்புப் பெயின்ட் டப்பா. அவர்கள் ரோடு அளக்க வந்தவர்கள். ரோட்டுக்கு ஒரு பக்கம் கால்வாய், அதை நகர்த்த முடியாது. அகலப்படுத்தினால் இந்தப் பக்கத்து இருபத்திரண்டு வீடும் போகும். அவள் வீடு பட்டியலில் ஏழாவது.

"உப்பைத் தின்னுட்டு இதைச் சொல்றேன் எஜே. மன்னிச்சுக்கோங்க. நிலத்துக்கு நிலம் தருவாங்க, வீட்டுக்கும் தொகை உண்டு. மூன்றாம் விரிவுல மனை. இங்கேருந்து ஆறு கிலோமீட்டர் வடக்கால. எதிர்ப்பு இருந்தா பத்து நாளைக்குள்ள எழுதிக் குடுக்கணும்."

சொல்லிவிட்டு அவன் பெயின்ட் டப்பாவைத் திறக்கவில்லை. மறுநாள் வேறு ஒருத்தர் வந்துதான் அவள் சுவரில் சிவப்புக் குறி போட்டார். அந்த மரியாதையாவது செய்தானே.

அன்று ஜூராகான் திட்டிய திட்டை எழுத முடியாது. மெதெரைத் திட்டினாள், நகரசபையைத் திட்டினாள், கால்வாய் வெட்டியவனைத் திட்டினாள், பிறகு தன் நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் தன்னையே திட்டிக்கொண்டாள். முதல் கையெழுத்து அவளுடையதுதான்.

"நல்லா ஆசையா கேட்டு வாங்கினியே ரோடு," என்றார் ஜெக்ஷென்.

"பேசாத மனுசா, கொப்பரையத் தூக்கித் தலையில போட்டுருவேன்."

அவர் சிரிக்கவில்லை. தான் செய்த கேட்டைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். "இன்னொண்ணு கேட்டுக்க. இதை அகலமா போட்டா, இன்னும் தள்ளி மனை விப்பான். இன்னும் ஆள் வரும். அஞ்சு வருஷத்துல இதுவும் அடைச்சுக்கும். அப்புறம் மூன்றாம் விரிவுலயும் ஒரு பையன் பெயின்ட் டப்பாவோட வருவான்."

மறுநாள் பொழுது விடிந்ததும் வேறு ஜூராகான். மனுவை வாபஸ் வாங்கினால் ரோடு நிற்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். உடம்பில் பழைய சூடு ஏறிவிட்டது. புது நோட்டு, புதுப் பேனா. ஓடினாள். தெருவும் அவளை விட்டுக் கொடுக்கவில்லை. "உன் வீடு இல்லாம எங்களுக்கு ரோடு எதுக்கு? கொண்டா நோட்ட," என்றார்கள். "மெஷின் வந்தா முன்னால படுத்துக்குவோம்," என்றார்கள். தினமும் நாலு மணி நேரம் பஸ்ஸில் நிற்கிறவன்கூடக் கையெழுத்துப் போட்டான். நாலு நாளில் அறுநூறு பெயர். அவளுக்குப் பசி தெரியவில்லை, முழங்கால் வலி தெரியவில்லை. வீட்டை மீட்டுவிட்டேன் என்றே நினைத்தாள்.

ஐந்தாம் நாள் பின்தெரு. எல்லா வீடும் முடிந்து சோனுன் வீடு ஒன்று பாக்கி. அங்கே அவள் ஓடவில்லை. நடந்துதான் போனாள்.

சோனுன் நோட்டைப் பார்த்தாள். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, "எங்க போடணும் எஜே?" என்றாள். பேனாவை எடுத்தாள். முதல் எழுத்து கோணலாக விழுந்தது.

ஜூராகான் பேனாவைப் பிடுங்கினாள். "போடாத. நீ இதுல போட்டா நான் மனுசியே இல்ல."

"வேற எதுக்கு வந்த, போட்டுடுறேன். நீ தூரமா போயிட்டா நான் யார் மூஞ்சியப் பார்ப்பேன்? செத்தவரு திரும்பியா வரப்போறாரு?"

"அவரு வரமாட்டாரு. அடுத்த ஆளுக்கு வண்டி வரட்டும்."

அங்கேயே, சோனுன் வீட்டு அடுப்பில், ஜூராகான் நோட்டைப் போட்டாள். அட்டை கெட்டி, பற்றிக்கொள்ள நேரம் ஆனது. குச்சியால் குத்திக் குத்தி எரித்தாள். சரியாகச் செய்தோம் என்ற நிம்மதியெல்லாம் அவளுக்கு வரவில்லை. வயிற்றெரிச்சல்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, ஜெக்ஷென் ஒரு வார்த்தை பேசுவதற்குள், "வாயைத் திறந்த, கொன்னுடுவேன்," என்றாள். அவர் கேட்டை எப்படிக் கழற்றி எடுத்துப் போவது என்று அளக்க ஆரம்பித்தார்.

செப்டம்பரில் போனார்கள். ஆகஸ்டில் பழைய வீடு இடிந்தது, அந்த மாதம் முழுக்கச் சோனுன் வீட்டில் தங்கித்தான் செங்கல்லும் கூரையுமாக ஒரு அறை எழுப்பினார்கள். மூன்றாம் விரிவு என்பது அறுத்து முடித்த கோதுமை வயல், கயிறு கட்டின மனைகள், அவர்கள் வீடு ஒன்று. கண்ணுக்கு எட்டிய தூரம் வேறு புகை இல்லை. மற்ற இருபத்தோரு குடும்பத்தில் பாதிப்பேர் தொகையை வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்களிடம் போய்விட்டார்கள், மீதிப்பேர் வசந்தத்தில் வருவதாகச் சொன்னார்கள். அய்ஜார்கின் இங்கே வரவே இல்லை. பேக்கரிக்குப் பக்கத்தில் ஒரு தோழியோடு அறை எடுத்துக்கொண்டாள்.

சாமானை இறக்கியதும் ஜெக்ஷென் அடுப்பில் விறகு அடுக்கினார். ஜூராகான் ஒவ்வொன்றாக எடுத்து வெளியே போட்டாள்.

"முதல் நாள் அடுப்பு மூட்டக் கூடாது."

"யாரு வந்து ஒருலுக் போடுவா? காக்காவா?"

"ஊர்ல அத்தனை பேருக்குப் போட்டேன். வருவாங்க."

"ஒரு டீயாவது."

"டீயும் கிடையாது."

பதினொரு மணி ஆனது. ஒரு மணி ஆனது. காற்று வயலைப் பெருக்கிக்கொண்டு வந்து வாசலில் கொட்டியது. ஜூராகான் கதவில் சாய்ந்து ரோட்டையே பார்த்தாள். அவள் பேசாமல் இருந்ததுதான் ஜெக்ஷெனைப் பயமுறுத்தியது. இரண்டரைக்கு அவர் பெட்டியைக் கிளறி ஒரு பாக்கெட் நூடுல்ஸை எடுத்தார். பார்த்ததும் அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அதை மட்டும் உடைக்காத. கும்பிட்டுக் கேக்குறேன், அதை மட்டும் உடைக்காத."

அப்போதுதான் போன் அடித்தது. சோனுன். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

"எஜே, சாப்பிட்டுறாத. நாங்க பன்னெண்டு மணிலேருந்து ரோட்டுல நிக்குறோம். நாப்பது பேரு, அஞ்சு கொப்பரை. குறுக்க மெஷின் நிக்குது, பள்ளம் தோண்டிப் போட்டிருக்கான், முன்னாலயும் போக முடியல, பின்னாலயும் போக முடியல. உன் ரோடுதான். நீ கேட்டு வாங்கினியே, அதே ரோடு."

ஜூராகான் சிரித்த சிரிப்பில் வயல் அதிர்ந்தது. "அங்கயே இருடி. நான் வர்றேன்."

"உனக்கு வர்ற விருந்துக்கு நீயே எதிர்கொண்டு போறியா?" என்றார் ஜெக்ஷென். கேட்டுக்கொண்டே காரைக் கிளப்பிவிட்டார். அவருக்குப் பசி.

வடக்குப் பக்கம் ரோடு காலி. ஆறு கிலோமீட்டரைப் பத்து நிமிஷத்தில் கடந்தார்கள். பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டு, மண்மேட்டில் ஏறி அந்தப் பக்கம் இறங்கினாள். கார்களுக்கு நடுவே, இடித்துச் சமப்படுத்தின தரையில், கம்பளிகளை விரித்து ஊர் உட்கார்ந்திருந்தது. கொப்பரைகளை அங்கேயே மூட்டிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்கள். மெஷின்காரர் கத்திக் கத்தி ஓய்ந்து, கையில் ஒரு போர்சோக்கோடு உட்கார்ந்திருந்தார்.

சோனுன் ஓடிவந்தாள். ஜூராகான் அவளைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தாள். பிறகு கால்வாய்க்கு அந்தப் பக்கத்து மின்கம்பத்தைப் பார்த்தாள். அந்தக் கம்பத்துக்கு நேராக வந்து, ரோட்டோரத்திலிருந்து ஒன்பது தப்படி எண்ணி நடந்து நின்றாள்.

"இது என் சமையலறை," என்றாள். "நீ உட்கார்ந்திருக்கிறது படுக்கையறை, எழுந்திரு பைகே, அண்ணனா இருந்துக்கிட்டு வெட்கமா இல்ல? அந்தக் கொப்பரைய இங்க கொண்டாங்க. என் அடுப்பு இங்கதான் இருந்துது."

நாலு பேர் கொப்பரையைத் தூக்கிவந்து அவள் காட்டின இடத்தில் வைத்தார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள், நாலு மாதமாக அழாததை எல்லாம் அழுதாள். சோனுன் கிண்ணத்தைக் கையில் கொடுத்தாள். அழுதுகொண்டே சாப்பிட்டாள். பதினேழு வருடம் தாமதமாக வந்த சாப்பாடு, உப்பு கொஞ்சம் தூக்கல். அதையும் சொன்னாள்.

பாதிச் சாப்பாட்டில் வரிசையின் பின்னாலிருந்து ஒரு இளம்பெண் கைக்குழந்தையோடு நடந்துவந்தாள். கடைசியில் நின்ற லாரி அவர்களுடையது. மேலே குளிர்பெட்டி, கட்டில், சுருட்டின கம்பளி. நாரின் மாவட்டத்து மலையிலிருந்து காலையில் கிளம்பினவர்கள்.

"மூன்றாம் விரிவுக்கு இன்னும் ரொம்ப தூரமா எஜே? ரோடு அகலமா வருதுன்னாங்க, அந்த தைரியத்துல மனை வாங்கிட்டோம். இருட்டுறதுக்குள்ள போய் அடுப்பு மூட்டணும்."

ஜூராகானுக்குக் கண்ணீர் அப்படியே நின்றது. எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள், அந்தப் பெண்ணைத் தோளைப் பிடித்துக் கம்பளியில் உட்காரவைத்தாள், தன் கிண்ணத்தையே அவள் கையில் வைத்தாள்.

"இன்னைக்கு நீ அடுப்பு மூட்டக் கூடாது. உன் வீட்டுக்காரரையும் கூப்பிடு."

பெண் சுற்றிலும் பார்த்தாள். இத்தனை பேர், இத்தனை கொப்பரை. "நீங்க இந்த ஊரா எஜே?"

ஜூராகான் காலடி மண்ணை ஒரு தடவை பார்த்தாள்.

"இல்லம்மா. நாங்களும் இன்னைக்குத்தான் குடிவந்தோம். சாப்பிடு, ஆறிடும்."